அண்ணனை விட ரெண்டு மார்க் கம்மி

இப்படி உக்காருங்க டீச்சர். ஜன்னலோரம் வெயிலடிக்குது, அங்க நான் போய்க்கறேன். எனக்குப் பழக்கந்தானுங்க. டீச்சர்தானுங்களே? மடியில பேப்பர் கட்டு இருக்கறதைப் பாத்துத்தான் கேட்டேன். தமிழுங்களா. சரிங்க. கணக்கு டீச்சரா இருந்தா உங்ககிட்ட ஒரு சந்தேகம் கேக்கலாம்னு இருந்தேன். பரவால்லீங்க, எந்தப் பாடமா இருந்தாலும் நாலு புள்ளைங்களைப் பாத்தவங்கதானே நீங்க.

எனக்குத் திருச்செங்கோடுங்க. ராசிபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஹாஸ்டல் ஸ்கூல்ல என்ற பொண்ணைச் சேத்திட்டு வர்றேன். சஷ்மிதான்னு பேரு. ஏழாவது. இல்லீங்க, அழுகலை. அவளும் அழுகலை, நானும் அழுகலை. அழுகறதுக்கும் உடம்புல தெம்பு வேணுமில்லீங்க. காலையில எந்திரிச்சதுல இருந்து பக்கெட்டு, போர்வை, தட்டு, டம்ளர்னு ஒவ்வொண்ணுலயும் பேர் எழுதியே கை ஓஞ்சு போச்சு.

எங்கூட்டுக்காரருக்குத் தண்ணிக்குப் போர் போடற ரிக் வண்டி. வண்டி எங்க போகுதோ அங்கதான் அவரும். இப்பச் சத்தீஸ்கர்ல இருக்கார். போன் பண்ணினா எஞ்சின் சத்தந்தான் எச்சாக் கேக்கும். அதனால ரெண்டு புள்ளைங்க பொறுப்பும் எந்தலை மேலதானுங்க. மூத்தவன் பையன், நிதர்சன். பத்தாவது. அடுத்தது இவ.

இவளுக்குப் படிப்புன்னா சின்னதுல இருந்தே தண்ணி பட்ட பாடு. ஆறாவது முடியறப்ப ஸ்கூல்ல ஒரு டெஸ்ட் வெச்சாங்க. நல்லாப் படிக்கற புள்ளைங்களை மட்டும் பொறுக்கி ஸ்பெஷல் பேட்ச்னு போடறாங்களாம். ஏழாவதுலயே பத்தாவது கணக்கு, பத்தாவது சயின்ஸ். எட்டாவது போறப்பப் பதினொண்ணாவது பாடம். மத்த புள்ளைங்க பன்னெண்டாவதுல முழி பிதுங்கறப்ப இவங்க எல்லாத்தையும் ரெண்டு தடவை முடிச்சிருப்பாங்கன்னு பிரின்சிபால் மேடம் சொன்னாங்க. எங்க தெருவுல இவ ஒருத்திதான் செலெக்ட் ஆனா. தனிக் கலர்ல டை. அந்த டையைக் கட்டிக்கிட்டு அவ தெருவுல நடந்து வர்றப்ப நான் கேட்டுல நின்னு பாப்பேன். பெத்தவளுக்கு வேறென்னங்க வேணும்.

அவ ஏழாவது போன அதே வருசம் பையன் பத்தாவது வந்தான். ஆக, அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் ஒரே புஸ்தகம். ஒரே ஊட்டுல ஒரே பாடம். நல்லதாப் போச்சுன்னு நெனச்சேன். டியூஷனுக்கு மோகனசுந்தரம்னு ஒரு சார் ஊட்டுக்கே வருவார். ரெண்டு பேரையும் ஒரே மேசையில உக்கார வெச்சேன். சனிக்கெழமையானா டெஸ்ட் வெப்பார். இவ தொண்ணூத்தஞ்சு, தொண்ணூத்தெட்டு. அவன் நாப்பது, நாப்பத்தி மூணு.

நான் புள்ளைங்களை ஒப்பிட்டுப் பேசவே மாட்டனுங்க டீச்சர். அது தப்புன்னு எனக்குத் தெரியும். ஸ்கூல்ல பெத்தவங்க மீட்டிங்ல கூட அதைத்தான் சொன்னாங்க. நான் என்ன சொல்லுவேன்னா, நிதர்சா, தங்கச்சியை விட மூணு வயசு பெரியவன் நீ, அவ பண்றது உனக்கு வராதா சாமி, அப்படின்னு மட்டுந்தான். இது ஒப்பிடறதுங்களா? ஊக்கந்தானுங்களே. அவனுக்கு ஒரு கணக்கு வரலீன்னா பாப்பாகிட்டக் கேளுன்னு சொல்லுவேன். சும்மா வெளையாட்டுக்கு, தங்கச்சியை டீச்சர்னு கூப்பிடுடான்னு சொல்லுவேன். மொதல்ல அவனும் சிரிச்சுக்கிட்டே கூப்பிட்டான். டீச்சர், இது எப்படி வந்துச்சுன்னு. அவளும் பிரம்பு மாதிரி ஸ்கேலை ஆட்டிக்கிட்டுச் சொல்லித் தருவா.

ரெண்டு பேரும் அவ்வளவு ஒட்டுங்க. அதையும் சொல்லோணும். நான் காலையில அடுப்புல நிக்கறப்ப அவளுக்கு ஜடை போட்டு உடறதே அவன்தான். எட்டாவது படிக்கறப்பவே பழகிக்கிட்டான். கோணல்மாணலாத்தான் இருக்கும், ஆனா அவளுக்கு அவன் போட்டாத்தான் புடிக்கும். சைக்கிள் ஓட்டப் பழக்கினது அவன். பாப்பா பாப்பான்னுதான் கூப்பிடுவான், பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

ஆவணியில எங்க பெரியண்ணன் மகனுக்குக் கல்யாணம். மண்டபத்துல பந்தியில உக்காந்திருக்கோம். அண்ணன் பேங்க்ல இருந்து ரிடையர்டு ஆனவரு, புள்ளைங்களைப் பாத்தா ஏதாச்சும் கேள்வி கேக்காம இருக்க மாட்டார். எதிர்த்தாப்புல நின்னுக்கிட்டு, ஏப்பா நிதர்சா, பத்தாவதா, எங்க, ஏ கியூப் மைனஸ் பி கியூப் ஃபார்முலா சொல்லு பாக்கலாம்னார். இவன் இலையைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கறான். சுத்தியும் சொந்தக்காரங்க. எனக்கு ஒரு மாதிரியாப் போச்சு. பேச்சை மாத்தணுமில்லீங்க. சஷ்மிதா, நீ சொல்லு சாமின்னேன்.

அவ அண்ணனைப் பாத்தா. "எனக்குத் தெரியலை"ன்னா.

தெரியலியா, நேத்துத்தானே சொன்னே, சொல்லுடின்னு நான் ஒரு அதட்டு அதட்டினேன். சொன்னா. மெதுவாச் சொன்னா, ஆனா முழுசாச் சொன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. அண்ணன் என்ன பண்ணினார், டேய், தங்கச்சிகிட்ட டியூஷன் சேந்துக்கடான்னு அவன் முதுகுல தட்டினார். தமாசுக்குத்தானுங்க. மாமன் தமாசு பண்ணாம வேற யாரு பண்ணுவாங்க. இவன் பாயசம் வர்றதுக்கு முன்னாலயே இலையை மடிச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டான்.

இவ என்ன பண்ணினா தெரியுங்களா, ஐஸ்கிரீம் குடுக்கற எடத்துல ரெண்டு கப் வாங்கிக்கிட்டு மண்டபம் பூரா அவனைத் தேடியிருக்கறா. கார் நிறுத்தற எடம், மொட்டை மாடி, பொண்ணு ரூம் எல்லாம். கடைசியில ரெண்டு கப்பும் தண்ணியாக் கரைஞ்சு பாவாடையெல்லாம் கறையாக்கிட்டு வந்து நின்னா. பட்டுப் பாவாடைங்க அது. நான் நல்லாத் திட்டிட்டேன்.

அதுக்கு அடுத்த சனிக்கெழமைதானுங்க ஆரம்பிச்சுது.

டெஸ்ட்ல அவன் நாப்பத்தஞ்சு. இவ நாப்பத்தி மூணு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. உடம்பு சரியில்லையா பாப்பான்னு கேட்டா, இல்லீம்மா, மறந்து போச்சுன்னா. சரி, கல்யாண அலைச்சல்னு உட்டுட்டேன். அடுத்த வாரம் அவன் அம்பத்தி ரெண்டு, இவ அம்பது. அதுக்கடுத்து அவனுக்கு ஒரு நல்ல வாரம், அறுபதைத் தாண்டினான். இவளும் கொஞ்சம் ஏறினா, ஆனா அவனைத் தாண்டலை. தாய்க்குப் பின்னாலயே போற கன்னுக்குட்டி மாதிரி அவனுக்குப் பின்னாலயே, ரெண்டு மார்க் கம்மியா. எனக்கு அதுதான் அதிசயமா இருந்துச்சு. மூளை மழுங்கறதுல கூடவா ஒரு கணக்கு இருக்கும்?

ஸ்கூல்ல இன்னும் மோசம். பேட்ச்சுக்கும் பத்தாவதுக்கும் ஒரே பேப்பர். அங்க அவன் முப்பத்தி ரெண்டு, இவ முப்பதுக்கு எறங்கிட்டா. பேட்ச்சுல இவதான் கடைசி.

நான் சும்மா இருப்பனுங்களா? ஈரோட்டுக்குக் கூட்டிப் போய்க் கண்ணு டாக்டர்கிட்டக் காட்டினேன். போர்டுல எழுதறது தெரியலியோ என்னமோன்னு. கண்ணு நல்லா இருக்குதுன்னாங்க. ரத்தம் எடுத்துப் பாத்தோம். அப்பறம் தலைக்கு ஸ்கேன். ஒண்ணுமில்லீன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. காலையில வெறும் வயித்துல வல்லாரைச் சாறு. மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டே குடிப்பா, வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டா. மலைக்கோயிலுக்குக் கூட்டிப் போய் அர்ச்சனை பண்ணி, கையில கயிறு கட்டி உட்டேன். படியேறறப்ப என்ன வேண்டிக்கிட்டேன்னு கேட்டா, அண்ணன் பாஸாகோணும்னு வேண்டிக்கிட்டேங்கறா. உனக்கு வேண்டிக்கடி மொதல்லன்னேன்.

அப்பத்தான் ஒருநாள் டியூஷன் முடிச்சுட்டு மோகனசுந்தரம் சார் செருப்பைப் போடப் போனவரு, திரும்ப வந்தார். அம்மா, ஒண்ணு சொன்னாத் தப்பா நெனைக்க மாட்டீங்களேன்னார். சொல்லுங்க சார்னேன்.

"பாப்பாவுக்கு எல்லாம் தெரியுதும்மா. மொதல்ல சரியாத்தான் எழுதுது. முடிச்சுட்டு உக்காந்திருக்கும். அண்ணன் பேப்பரைக் குடுக்கறப்ப ஒரு பார்வை பாக்கும். அப்பறம் தன் பேப்பர்ல பாதிக் கணக்கை அடிச்சுட்டுத் தப்பா எழுதிக் குடுக்குது. மூணு வாரமாப் பாக்கறேன்."

எனக்குச் சுருக்குன்னு வந்துச்சு. ஏன் சார், எந்தப் புள்ளையாவது வேணும்னே மார்க்கை உடுமா? அரை மார்க்குக்கு அழுத புள்ளைங்க அதுன்னேன்.

"உட்டிருக்குதும்மா"ன்னார். அவ்வளவுதான். வேறென்னமோ சொல்ல வந்தவரு, என் மூஞ்சியைப் பாத்துட்டு நிறுத்திக்கிட்டார்.

நான் யோசிச்சுப் பாத்தேன். சொல்லித் தர வரலீன்னா இப்படித்தானே ஏதாச்சும் காரணம் சொல்லுவாங்க? அந்த மாசத்தோட அவரை நிறுத்திட்டேன். நல்ல மனுசந்தான், ஒண்ணும் சொல்றதுக்கில்லை. ஆனா பாடம் நடத்தற ஆளு பாடத்தை நடத்தோணும். புள்ளை மனசுல என்ன இருக்குதுன்னு ஜோசியம் பாக்கறதுக்கா வரச் சொன்னோம்?

அரையாண்டுக்கு முன்னால பிரின்சிபால் மேடம் கூப்பிட்டு உட்டாங்க. பேட்ச்சுல இருந்து எடுத்தர்றோம்மா, மத்த புள்ளைங்க வேகத்துக்கு இவ வர முடியலீன்னாங்க. நான் அந்த ரூம்லயே அழுதுட்டேன். இன்னும் ஒரே ஒரு டெஸ்ட் பாருங்க மேடம்னு கையெடுத்துக் கும்பிட்டேன். இவ பக்கத்துல நிக்கறா. டையைக் கழட்டிக் குடும்மான்னாங்க. கழட்டினா. சுருட்டி, மடிச்சு, மேசை மேல நீட்டா வெச்சா. வெச்சுட்டு மூச்சு உட்டா பாருங்க, தலைச்சுமையை எறக்கி வெச்சவங்க உடற மாதிரி. ஒரு சொட்டுக் கண்ணீர் வரலை. என்ன போச்சுன்னு புரியற அளவுக்குக் கூட அந்த மூளையில ஒண்ணுமில்லாமப் போச்சேன்னு எனக்கு வயிறு எரிஞ்சுது.

அன்னைக்குப் பொழுதோட நான் தோசை வாத்துக்கிட்டிருக்கேன். ரூமுக்குள்ள ரெண்டும் பேசறது கேக்குது. சண்டைன்னு நெனச்சு அடுப்பைச் சிம்ல வெச்சுட்டுக் கதவுகிட்டப் போனேன்.

"டை எங்க பாப்பா?"

"குடுத்துட்டேன்."

"வேணும்னேதானே பண்றே?"

"நான் ஒண்ணும் பண்ணலைண்ணா."

"எனக்குத் தெரியும். நீ அப்படிப் பண்ணினா எனக்கு இன்னும் கேவலமா இருக்குது. தெரியுதா உனக்கு? சரி, இனி ஒழுங்கா எழுதறேன்னு சொல்லு."

அவ சொல்லலை.

"சொல்லு பாப்பா."

"நீ அன்னைக்கு எங்க போயிட்டே? நான் எல்லாப் பக்கமும் தேடினேன்"னா. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு எனக்குப் புரியலை. உள்ள பாத்தா அவன் கட்டில்ல குனிஞ்சு உக்காந்திருக்கறான். இவ அவன் சட்டைப் பித்தானைத் திருகிக்கிட்டு நிக்கறா. தோசை கருகற வாசம் வந்துச்சு, நான் போயிட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு அவன் எங்கிட்ட வந்தான். அம்மா, பாப்பாவை வேற எங்கயாச்சும் சேத்திருங்க. ஹாஸ்டல்லன்னா கூடப் பரவால்லீன்னான். ஏன்டான்னேன். "என் பக்கத்துல இருந்தா அவ படிக்க மாட்டாம்மா. பேசி நிறுத்தலாம்னு பாத்தேன். முடியலை"ன்னான்.

அவன் வாயில இருந்தே வந்துருச்சு பாருங்க டீச்சர். அவன் மந்தம் அவளுக்கு ஒட்டிக்கிச்சுன்னு நான் உள்ளுக்குள்ள நெனச்சுக்கிட்டிருந்தேன், சொன்னா மனசு சங்கடப்படுவானேன்னு சொல்லலை. அவனே சொல்லிட்டான். இன்னொரு பக்கம் எனக்கு வருத்தம். கூடப் பொறந்தவளை ஊட்டை உட்டு அனுப்பச் சொல்ற அளவுக்கா ஒரு அண்ணனுக்குப் பொறாமை வரும்? எங்கூட்டுக்காரர்கிட்டப் போன்ல சொன்னேன். எஞ்சின் சத்தத்துல பாதி கேக்கலை அவருக்கு. உனக்கு எது நல்லதுன்னு தோணுதோ அதைச் செய்யின்னார். எப்பவும் அதேதான் சொல்லுவார்.

நடு வருசத்துல யாரும் சேத்துக்க மாட்டாங்க. இந்த ஹாஸ்டல் ஸ்கூல்லதான் டெஸ்ட் எழுதட்டும், பாக்கலாம்னாங்க. இன்னைக்குக் காலையில எழுதினா. பத்தாவது கணக்குதான். நான் வெளிய பெஞ்சுல உக்காந்து சாமியைக் கும்பிட்டுக்கிட்டே இருந்தேன். பேப்பரைத் திருத்தினவர் வெளிய வந்து, நூத்துக்கு நூறும்மா, இந்தப் புள்ளையை ஏன் அங்க உட்டாங்கங்கறார்.

பாத்தீங்களா. ஊட்டை உட்டு ஒரு மணி நேரந்தான் ஆச்சு. மூளை திரும்பி வந்துருச்சு. ஸ்கேன் எடுத்தும் தெரியாதது, வல்லாரை குடிச்சும் சரியாகாதது. எடம் மாறினதும் சரியாப் போச்சு. அதைத்தான் உங்ககிட்டக் கேக்கணும்னு இருந்தேன். இப்படி ஆகுமுங்களா? நீங்க ஸ்கூல்ல பாத்திருக்கீங்களா?

நீங்க என்ன, பேப்பர் கட்டையே பாத்துக்கிட்டிருக்கீங்க. சரிங்க, நீங்களும் களைச்சுப் போயிருப்பீங்க.

அவகிட்டச் சொன்னேன், நூறு வாங்கிட்டேடின்னு. சந்தோசப்படலை. அண்ணன்கிட்டச் சொல்லாதீங்கம்மான்னா. ஏன் சொல்லாம, மொதல்ல அவனுக்குத்தான் சொல்லுவேன், அப்பவாச்சும் அவனுக்கு ரோசம் வரட்டும்னு அவ முன்னாலயே போனைப் போட்டேன். இன்னைக்கு அவன் ஸ்கூலுக்கு லீவு. இன்னும் ரெண்டு மாசத்துல பப்ளிக் எக்ஸாம், ஊட்டுல உக்காந்து படிக்கறேன்னு சொன்னான்.

தங்கச்சி நூத்துக்கு நூறுடான்னேன்.

"எனக்குத் தெரியும்மா"ன்னான். எவ்வளவு திமிரு பாருங்க. சந்தோசம்னு ஒரு வார்த்தை வரலை. போனைப் பாப்பாகிட்டக் குடுங்கன்னான். குடுத்தேன். அவன் என்ன சொன்னானோ, இவ ம், ம்னு கேட்டுக்கிட்டே இருந்தா. கடைசியில, "சரி, நான் ஒழுங்கா எழுதறேன், நீயும் ஒழுங்காச் சாப்புடு"ன்னு சொல்லிட்டு சிரிச்சா. மண்டபத்துக்குப் போய்ட்டு வந்ததுக்கு அப்பறம் அவ சிரிச்சு நான் பாக்கலை. என்னடி சொன்னான்னு கேட்டேன். ஒண்ணுமில்லீம்மான்னுட்டா.

எங்கிட்ட ரெண்டு பேருமே அதைத்தான் சொல்றாங்க. ஒண்ணுமில்லீம்மா.

எலச்சிபாளையம் தாண்டிருச்சுங்களா? அப்ப வந்தாச்சு. நீங்க பஸ் ஸ்டாண்டுங்களா? நானும் அங்கதான். அவன் சைக்கிளை எடுத்துக்கிட்டு வந்து நிப்பான். நீங்க ஏர்றதுக்குச் சித்த முன்னாலதான் மறுபடியும் போன் பண்ணினான். எந்த பேட்ச்சுல போட்டாங்க, என்ன பாடம் நடக்குதுன்னு கேப்பான்னு பாத்தா, பாப்பாவுக்கு மேல் கட்டிலா, கீழ் கட்டிலாங்கறான்.

கவனிக்கலியேடான்னேன்.

மேல்னா பயந்துக்குவாம்மா, ராத்திரியில பொரண்டு படுப்பா, வார்டன்கிட்டச் சொன்னீங்களான்னு கேட்டான். இல்லீன்னேன். சரி, வாங்கன்னு வெச்சுட்டான்.

பக்கெட்டுல பேர் எழுதினேன், போர்வையில பேர் எழுதினேன், டம்ளர்ல கூட எழுதினேனுங்க. ரூமுக்குள்ளயும் போனேன். பெட்டியைக் கூட நான்தான் தூக்கிக்கிட்டுப் போய் வெச்சேன். கட்டில் எதுன்னு பாக்கலியே டீச்சர்.